மாவு மில் பக்கத்து நூலகம்

சித்திரை மாதத்தில் ரெட்டியார்சத்திரத்திலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் வேலாயிபட்டியில் நின்றால், இறங்குகிறவர்களுக்கு முதலில் தும்மல் வரும். அப்புறம்தான் ஊர் கண்ணுக்குத் தெரியும். இருதயநாதனின் மில்லில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று அர்த்தம். மில்லை ஒட்டி மஞ்சள் வண்ணம் அடித்த ஒற்றை அறைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் கிடக்கும் செருப்புகளில் முக்கால்வாசி பெண்களுடையவை. அதுதான் எங்கள் ஊர் நூலகம். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் முத்திரை குத்துகிறவர் பொன்னழகு. என் பெரியப்பா மகன் ராமரின் மனைவி. எனக்கு மதினி.

வடக்கே வேலை, அப்புறம் வேலையில்லாத ஊர்சுற்றல் என்று சில வருஷங்களைப் போக்கிவிட்டு, 2007இல் நான் திரும்பி வந்தேன். வந்த பிறகும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் சுற்றுவட்டாரத்து நூலகங்களை டவுன் பஸ் பிடித்துப் பார்த்துவர ஆரம்பித்தேன். ஒரு ஊரில் பழைய நெல் கிட்டங்கியில் நூலகம். அலமாரிகளுக்குப் பின்னால் இன்னும் தவிட்டு வாசம். இன்னொரு ஊரில் மாட்டாஸ்பத்திரி இருந்த இடம். வாசலில் மாடுகளை நிறுத்தி ஊசி போடும் இரும்புச் சட்டம் அப்படியே நிற்கிறது, வாசகர்கள் அதில் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார்கள். நூலகமாகவே பிறந்த கட்டடம் அபூர்வம். எதற்கோ கட்டுவார்கள், அந்த வேலை நின்றுபோகும், பூட்டிக் கிடப்பதற்குப் புத்தகமாவது இருக்கட்டுமே என்று கொண்டுவந்து அடுக்குவார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர்க் கட்டடம் விசேஷமானது. அது நூலகமாகவே பிறந்தது. அது எங்கே பிறக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் வந்தது. அந்தச் சிக்கலில் பொன்னழகு மதினியின் இடுப்பும் சம்பந்தப்பட்டிருந்தது.

எங்கள் ஊருக்குப் பகுதி நேர நூலகம் வந்தது 1993இல். இடம் ஊர்தான் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்தார் யோசிக்கவே இல்லை, ஊர்ப் பொது இடமான மந்தையில் இருந்த ரேடியோ ரூமைக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் பஞ்சாயத்து ரேடியோவை உள்ளே வைத்து, மாடியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, ஊருக்கே செய்தியும் விவசாயத் தகவலும் கேட்கச் செய்த சின்ன அறை அது. இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். வீட்டுக்கு வீடு டேப் ரிக்கார்டர் வந்த பிறகு, அங்கே குழாய்க்குள் கூடு கட்டிய மைனாக்கள்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. வெளியே பெரிய அரசமரம். மரத்தடியில் ஊரின் பெரிய ஆண்கள் பகலெல்லாம் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் சீட்டாடுவார்கள்.

ப்ளஸ் டூ படித்திருந்த ஒரே மருமகள் என்பதால் பொன்னழகு மதினிக்கு நூலகர் வேலை கிடைத்தது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு, இரண்டு அலமாரி. வேலை சாயங்காலம் மட்டும். முதல் நாளே சங்கடம் தெரிந்துபோயிற்று. பெஞ்சில் பேப்பர் படிக்க வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் மதினிக்கு மாமனார் முறை. மாமனார் முன்னால் மருமகள் உட்காருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆகவே மதினி நின்றார். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் வருவார். நாற்காலி சும்மா இருப்பானேன் என்று, வந்த புத்தகக் கட்டுகளை அதன்மேல் வைத்தார். அடுத்த மூன்று நான்கு வருஷம் அந்த நாற்காலியில் புத்தகங்கள்தான் உட்கார்ந்திருந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மதினி சுவரில் சாய்ந்தால், ராமர் அண்ணன் கேலி செய்வார். “கவர்மென்டு உத்தியோகம்னாக. தோட்டத்துல தக்காளி பறிக்கிறவளுக்குக்கூட வரப்புல உக்கார எடமிருக்கு” என்பார். சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் வெந்நீர் போட்டுக் கொடுப்பார்.

பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. யாரும் தடுக்கவில்லை. மந்தையைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பதுதான் மருமகள்களின் பழக்கம். அந்த வேகத்தில் நூலகத்துக்குள் எப்படித் திரும்புவது?

ஒரு ஐப்பசி மழையில் ரேடியோ ரூமின் கூரை ஒழுக ஆரம்பித்தது. பூச்சு பெயர்ந்து அலமாரிமேல் விழுந்தது. மதினி புத்தகங்களைச் சாக்கில் கட்டி எங்கே கொண்டுபோவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமாகக் குடையோடு வந்த இருதயநாதன் பார்த்தார். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் மில் வைத்தவர் அவர். யாருக்கும் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. எல்லாப் பெண்களுக்கும் அண்ணன். எந்நேரமும் இமையில் மாவு ஒட்டியிருக்கும்.

“என் கிட்டங்கி ரூமு சும்மாதான் கெடக்கு. கொண்டாந்து போடு தங்கச்சி. மழை விட்டதும் எடுத்துக்கலாம்” என்றார்.

மழை விட்டது. புத்தகங்களை யாரும் எடுக்கவில்லை.

மாவு மில்லின் நடைமுறை தெரிந்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். மில் மோட்டார் ஓட மூன்று பேஸ் கரண்டு வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்பது கரண்டு ஆபீசுக்கே நிச்சயமில்லாத காலம். பெண்கள் ராகியும் கம்பும் அரிசியுமாகக் கொண்டுவந்து, தங்கள் டின்களை வரிசையில் வைத்துவிட்டு, கரண்டுக்காகக் காத்துக் கிடப்பார்கள். இடத்தை டின் பார்த்துக்கொள்ளும். ஆள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். இதுவரை மில் சுவரோரம் உட்கார்ந்து பேசியவர்கள், இப்போது கிட்டங்கிக்குள் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு ஓய்ந்த இடத்தில் ஒருத்தி பத்திரிகையைப் பிரித்தாள். கதையின் நடுவில் கரண்டு வந்துவிடவே, மீதியைப் படிக்க மறுநாள் அரைக்க ஒன்றுமில்லாமலே வந்தாள்.

மாயக்காள் என்று ஒருத்தி. மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறிக்கிறவள், வாய்க்கு ஊரில் ஈடு கிடையாது. அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். பெரிய எழுத்தில் இருந்தால் படிப்பாள். சின்ன எழுத்தை அடுத்தவளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். கதையில் வரும் மாமியார்களைத் திட்டுவாள். அவளுக்காகவே கூட்டம் கூடியது என்று மதினி இன்றும் சொல்கிறார்.

மில்லுக்கு வந்த முதல் நாள் மதினி மாவுச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். மறுநாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். “அன்னைக்குத்தான் இடுப்பு வலி நின்னுச்சு” என்று என்னிடம் சொன்னார்.

நஷ்டம் ஆண்களுக்கு. ராமர் அண்ணனின் சித்தப்பா வீரன், தினமும் பேப்பர் படிக்காவிட்டால் சோறு இறங்காதவர், மில் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே வரிசையாக மருமகள்கள். அப்படியே திரும்பிப்போய், “அங்க மருமக்கமாரு கொலு வச்சிருக்காக அப்பு, நாம போக முடியாது” என்று மந்தையில் அறிவித்தார். மதினிக்குப் பாவமாக இருந்தது. காலையில் ராமர் அண்ணன் தோட்டத்துக்குப் போகும் வழியில் பேப்பரை மந்தையில் கொடுத்துவிடுவது, சாயங்காலம் வாங்கி வருவது என்று ஏற்பாடு செய்தார். திரும்பி வரும் பேப்பரில் அன்றைக்கு என்ன வடை என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

இப்படியே இரண்டாயிரமும் தாண்டியது. அப்போதுதான், நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டித் தருகிறோம், ஊர் ஐந்து சென்ட் நிலம் கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று திண்டுக்கல்லிலிருந்து தகவல் வந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் தங்கமுத்து ஊரைக் கூட்டினார். பேச்சு சீக்கிரம் முடிந்தது. மந்தைதான். ரேடியோ ரூமை இடித்துவிட்டு அதே இடத்தில் பெரிசாகக் கட்டுவது. பொது இடம், யாருக்கும் நஷ்டமில்லை, ஊருக்கும் அழகு, பேப்பரும் பக்கத்தில். வீரன் சித்தப்பா முதல் ஆளாகக் கை தூக்கினார்.

மதினிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கட்டடம் மந்தைக்குப் போனால் அவர் மறுபடியும் நிற்க வேண்டும். இடுப்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷத்தில் சேர்ந்த பெண்கள் அத்தனை பேரும் மில்லோடு நின்றுவிடுவார்கள். அது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மறுநாள் தங்கமுத்து வீட்டு வாசலில் போய் நின்று, மந்தைக்கு மாற்றினால் பெண்கள் வரமாட்டார்கள் என்று சொன்னார்.

தங்கமுத்து கெட்டவரில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “ஏத்தா, யாரு வேணாம்னது? தாராளமா வரட்டும். நான் சொன்னேன்னு சொல்லு” என்றார்.

மதினி அந்த வார்த்தையை அப்படியே மில்லுக்குக் கொண்டுபோனார். இடம் பார்க்க அதிகாரி வரும் நாளில், எடுத்த புத்தகத்தோடு எல்லோரும் மந்தைக்கு வர வேண்டும், தலைவரே வரச்சொல்லிவிட்டார் என்றார். எத்தனை பெண்கள் படிக்கிறார்கள் என்று அதிகாரி பார்க்கட்டும், பார்த்துவிட்டு அவராக ஏதாவது சொல்லட்டும் என்பதுதான் தன் எண்ணம், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று மதினி சத்தியம் செய்கிறார். நம்பலாமா என்று, அன்று மந்தையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்த சிவனம்மாளைக் கேட்டேன். “உங்க மதினியா? அவ எமகாதகி” என்றார்.

அதிகாரி மதியம் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. பெண்கள் வந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு, கையில் புத்தகத்தோடு, அரசமரத்துக்கு எதிரே வரிசையாக நின்றார்கள். ஆண்கள் மரத்தடியில் இருந்தார்கள். அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

மருமகள் மாமனார் முன்னால் உட்காரக் கூடாது என்பது வழக்கத்தின் ஒரு பாதி. மறு பாதி மாமனாருக்கு. மருமகள் எதிரே நின்றால் அவர் படுக்கக் கூடாது. காலை நீட்டக் கூடாது. வெற்றுடம்பாக இருக்கக் கூடாது, துண்டாவது போர்த்தியிருக்க வேண்டும். பீடி கூடாது. சீட்டுக்கட்டு கண்ணில் படக் கூடாது. வாயில் வசவு வரக் கூடாது. வீட்டில் இது பெரிய கஷ்டமில்லை. மருமகள் வந்து ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போய்விடுவாள், மாமனார் மறுபடி காலை நீட்டிக்கொள்வார். ரேடியோ ரூம் காலத்திலும் சுவருக்குள் ஒரே ஒரு மருமகள்தான் நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும், மரத்தடிக்காரர்களுக்குத் தொந்தரவில்லை. இப்போது ஊரின் மொத்த மருமகள்களும் எதிரே நின்றார்கள்.

படுத்திருந்தவர்கள் எழுந்து சம்மணம் போட்டார்கள். துண்டுகள் இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறின. ஒருவர் சீட்டுக்கட்டைத் தொடைக்கடியில் தள்ளி, அதன்மேலேயே உட்கார்ந்தார். மூன்று மணியாயிற்று. அதிகாரியின் ஜீப் வழியில் எங்கோ பஞ்சராகி நின்றதாகத் தகவல் வந்தது. பெண்கள் மரத்தின் நிழல் நீண்ட பக்கமாக நகர்ந்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்கள். நிற்பது அவர்களுக்குப் பழக்கம். நாற்று நடுவதைவிட இது எவ்வளவோ தேவலை. ஆண்களுக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து பழக்கமில்லை. எழுந்து போகவும் முடியாது. அதிகாரி வரும்போது மந்தைக்குச் சாதகமாகச் சொல்ல ஆள் வேண்டுமே. முதுகு வலித்தது. பீடி இல்லாமல் கொட்டாவி வந்தது. கொட்டாவியையும் துண்டுக்குள் விட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சிவனம்மாள் அரசமரத்து மேடையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி ரசித்துக்கொண்டிருந்தார். அவர் ஊரில் பிறந்த பெண், உள்ளூரிலேயே வாக்கப்பட்டவர். அங்கிருந்த ஆண்கள் பாதிப் பேர் அவருக்கு அண்ணன் தம்பி. அவர் உட்காரலாம், என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

வீரன் சித்தப்பா கடைசியில் பொறுக்க முடியாமல் பெண்கள் பக்கம் பார்த்து, “ஏத்தா, எம்புட்டு நேரந்தான் நிப்பீக? வீட்டுக்குப் போயி செத்த நேரம் இருந்துட்டு வாங்களேன்” என்றார்.

“இருக்கட்டும் மாமா” என்றாள் மாயக்காள். “பழகிக்கிறோம். கட்டடம் இங்க வந்துட்டா தெனமும் இப்படித்தானே.”

வீரன் சித்தப்பா துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“தெனமுமா?”

பொன்னழகு மதினி தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னார். “மூணு மணிக்குத் தொறப்பேன் மாமா. பொழுது விழுகுற வரைக்கும் இருப்போம். நாங்க ஒரு ஓரமா நின்னுக்கிர்றோம், அதுக்கென்ன.”

சிவனம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “ஏண்ணே, வீரண்ணே, ஆயுசுக்கும் இப்படி அய்யனார் செல மாதிரி வெறச்சு உக்காந்திருப்பியா? கையில அருவா ஒண்ணுதான் கொறைச்ச.”

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் தாராளமாக வரட்டும் என்று தங்கமுத்து சொன்னது அவர் காதிலேயே திரும்பக் கேட்டிருக்க வேண்டும். நிலம் யாருடையது, பணம் எங்கிருந்து, வாசல் எந்தத் திசை என்று எல்லாவற்றையும் பேசியவர்கள், நூலகம் வந்தால் அதில் படிக்கிறவர்களும் வருவார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டிருந்தார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, கையிலிருந்த தாளைப் பார்த்து, “மந்தையில இடம்னு போட்டிருக்கு. இதுதானே?” என்று கேட்டார்.

தங்கமுத்து வாயைத் திறப்பதற்குள் வீரன் சித்தப்பா முந்திக்கொண்டார். “இது வேணாங்கய்யா. இங்க காத்தோட்டம் பத்தாது.”

அரசமரம் சலசலத்தது. எல்லார் துண்டும் பறந்தது. அதிகாரி மரத்தையும் பார்த்தார், சித்தப்பாவையும் பார்த்தார்.

“மில்லுப் பக்கம் நல்ல எடம் இருக்குங்கய்யா” என்று தங்கமுத்து சேர்ந்துகொண்டார். “பொம்பளைகளுக்கும் அதுதான் தோது.”

மில்லை ஒட்டியிருந்த அந்த இடம் சிவனம்மாளுடையது. மாட்டுக்கு வைக்கோல் படப்பு போட்டு வைத்திருந்தார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, ஊர் ஆண்கள் மொத்தமும் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தை எவ்வளவு இழுக்கலாம் என்பதில்தான் அவருக்கு அக்கறை இருந்தது போலிருக்கிறது. இன்னொரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார்.

“எடத்தைக் குடுத்துருவேன். எம் படப்பை எங்க கொண்டுபோயி வைக்க? உங்க தலையிலயா?”

“இங்க வை தாயி” என்றார் வீரன் சித்தப்பா, ரேடியோ ரூமைக் காட்டி. “அதை இடிச்சுட்டு இங்கயே போட்டுக்க. நாங்களே சொமந்துட்டு வாரோம்.”

சொன்னபடி சுமந்தார்கள். ஒரு முழுநாள் வைக்கோல் ஊரைக் குறுக்கே கடந்தது. ரேடியோ ரூம் இருந்த இடத்தில் இன்றைக்கும் சிவனம்மாளின் படப்புதான் நிற்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் அதன் மறைவில் சீட்டாடுகிறவர்கள் தெரிவதில்லை. முன்னைக்கு இப்போது எவ்வளவோ வசதி என்கிறார்கள்.

கட்டடத்தை 2004இன் தொடக்கத்தில் திறந்தார்கள். இரண்டு பக்கமும் சன்னல், சிமென்ட் தரை, சுவரோரம் புது இரும்பு அலமாரிகள், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் நீள மேசை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை என்பதால் மிளகாய் வெள்ளிக்கிழமை மட்டும் அரைப்பது என்று இருதயநாதன் ஒப்புக்கொண்டார். வற்றல் காயும் சித்திரை, வைகாசியில் அந்த ஒப்பந்தம் செல்லாது.

ஒரு சங்கடம் பாக்கியிருந்தது. சொந்தக் கட்டடம் வந்த பிறகு பேப்பரை வெளியே கொடுத்தனுப்பக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மந்தைக்குப் பேப்பர் நின்றது. அந்த வருஷம் பார்த்துப் பாராளுமன்றத் தேர்தல். வீரன் சித்தப்பா நூலகத்துச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். மதினி எழுந்து, பேப்பரைச் சன்னல் கட்டையில் அவர் பக்கமாகத் திருப்பி விரித்துவிட்டு, அவர் அங்கிருக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார். ஒரு பக்கம் முடிந்ததும் சித்தப்பா கம்பிக்குள் விரலை விட்டுத் திருப்புவார். அடுத்த பக்கம் கம்பியில் மாட்டிக் கிழியும். சன்னல் தெற்குப் பார்த்தது. மண்டையைப் பிளக்கும் வெயில்.

முடிவுகள் வந்த மறுநாள் சித்தப்பாவால் முடியவில்லை. எந்தத் தொகுதியில் எவ்வளவு வித்தியாசம் என்று பொடி எழுத்தில் பட்டியல் பட்டியலாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

மேசையைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒருத்தி மடியில் வைத்திருந்த டின் கவிழ்ந்து, அரைத்த ராகி மாவு புதுத் தரையில் கொட்டியது. சித்தப்பா மாவையும் பார்த்தார், நிற்கிற பெண்களையும் பார்த்தார். மந்தையில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்த மத்தியானம் அவர் முதுகுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

“இந்தாங்கத்தா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க” என்றார். “நான் பேப்பரை விரிச்சுட்டேன்னா நான் இங்க இல்ல. நீங்க யாரும் என்னைப் பாக்கல. நானும் யாரையும் பாக்கல.”

ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பரை முகத்துக்கு நேரே அகல விரித்தார். நெற்றியிலிருந்து மடிவரைக்கும் மறைந்துபோனார். வெளியே தெரிந்தது இரண்டு கை விரல்களும், கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட இரண்டு கால்களும்.

பெண்கள் நின்றபடியே பொன்னழகு மதினியைப் பார்த்தார்கள். மதினிக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றால் இந்தக் கட்டடமும் ரேடியோ ரூம்தான். உட்கார்ந்தால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? பேப்பரைப் பார்த்தார். அது அசையவில்லை. நாற்காலியை மெதுவாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். கடைசி நாற்காலியும் கிறீச்சிட்டு அடங்கியது.

புத்தகங்களைப் பிரித்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்படிப்பட்ட அமைதி மாயக்காளுக்கு ஒத்துக்கொள்ளாது.

“மாமாதான் இங்க இல்லையே” என்று பொதுவாக ஆரம்பித்தாள். “ஒரு விசயம் கேட்டீகளா? நேத்து வீரன் மாமா அத்தைகிட்ட, வெஞ்சனத்துல உப்பு இல்லன்னு சொன்னாராம். அத்தை கரண்டியக் கையில குடுத்து, இனிமே நீயே ஆக்கிக்கன்னு சொல்லிட்டுப் பக்கத்து வீட்டுக்கு டிவி பாக்கப் போயிருச்சாம். மாமா ராத்திரிக்கு ஊறுகாயும் பழைய சோறுமாம்.”

பேப்பர் லேசாக நடுங்கியது. பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். மதினி முத்திரையைக் கையில் பிடித்தபடி குத்த மறந்து இருந்தார்.

“உப்பு இல்லாமத்தான் இருந்துச்சு” என்றது பேப்பர்.

அறை மொத்தமும் வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தத்தில், மோட்டாரை நிறுத்திவிட்டு இருதயநாதன் வெள்ளை இமையோடு சன்னலில் எட்டிப் பார்த்தார். ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.